தகர டப்பாவில் பதினொரு சீட்டுகள்

ஆடெனாவில் இன்றும் மூடுபனி.
பந்தயப் பாதை திறக்க மணி எட்டாகும்.
என் பெட்ரோல் நிலையத்து அடுப்பில்
ரொட்டி இன்னும் சிவக்கவில்லை.
அதற்குள் வந்துவிட்டார்கள்
எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசுகிறவர்கள்.

கறுப்பும் வெளுப்புமாய்ச் சுழிகள் ஒட்டிய அந்தக் கார்
மூன்று குளிர்காலமாய் எங்கள் மலையைச் சுற்றுகிறது.
முகம் தெரியாது. பெயர் தெரியும்:
கெர்ஷ்டன், எஸ் வகை.
"சாதாரணக் கெர்ஷ்டனுக்குக் கோபம் வந்தால்
எப்படி இருக்கும், அப்படி" என்கிறார் லுட்கர்.
கூரைக்குக் கற்பலகை பதிப்பவர்.
அவருடையது, கதவைக் கயிற்றால் கட்டிய ஒரு வேன்.
"ஒரு லட்சத்து எண்பதாயிரம் யூரோ.
அதற்குக் கீழே போனால் என் சுத்தியலைத் தின்கிறேன்."

"பின்னிறக்கை பெரிதாகியிருக்கிறதே,
இருபதாயிரம் கூட்டு" என்கிறாள் அன்னெகிரெட்.
புதருக்குள் படுத்துப் படமெடுத்து
பத்திரிகைகளுக்கு விற்பவள்.
முழங்கைச் சேறு காயாமலே காப்பி கேட்பாள்.

தபால்காரர் ஹார்ட்விக்குக்கு விலையில் அக்கறையில்லை.
அவருக்குத் தேதி.
"போன வகை மார்ச்சில் வந்தது.
அதற்கு முந்தையதும் மார்ச்.
கடிதம் தாமதமாகும், ஐயா,
மார்ச் தாமதமாகாது."

காப்பித்தூள் டப்பா ஒன்றைக் கழுவி வைத்தேன்.
ஆளுக்கு ஐந்து யூரோ, ஒரு சீட்டு,
சீட்டில் ஒரு விலை, ஒரு மாதம்.
பதினொரு பேர் போட்டோம்.
நான் எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
அதுவே வந்து நின்றது நான்காம் பம்பில்.
பிரேக்கின் கருகல் வாடை கடைக்குள் வந்தது.
எழுபத்தோரு லிட்டர் குடித்தது.
ஓட்டிவந்த பையனுக்குத் தலைக்கவசம் அழுத்திய முடி,
தூக்கமில்லாத கண்.
கேட்டேவிட்டேன்: "என்ன விலைக்கு விற்கப் போகிறார்கள்?"
"எனக்கு மணிக்கூலி" என்றான்.
"இடது கால் பக்கம் சூடேறுகிறது,
அதை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்."
பாலாடைக்கட்டி ரொட்டி ஒன்று எடுத்தவன்
சில்லறையைப் பார்த்து நின்றான்.
"இதற்கு விலை ஏறிவிட்டதா?"
"முப்பது சென்ட்."
அந்த ஆண்டு எங்கள் ஊரில்
உறுதியாய்த் தெரிந்த விலை அது ஒன்றுதான்.

கிளம்புகையில் பார்த்தேன்,
முன்சக்கரத்தின் மேலே ஒட்டுத்தாள் உரிந்து
ஒரு விரலகலம் பச்சை.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் பச்சைக்கு எவ்வளவு கூட்டுவதென்று தொடங்குவார்கள்.
மேலும்,
அந்த ஒரு விரலகலம் எனக்கே இருக்கட்டும் என்றிருந்தது.

மார்ச் வந்தது, போனது.
ஹார்ட்விக் ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை,
என் கடிதங்கள் வாசலிலேயே கிடந்தன.
ஜூன். அக்டோபர்.
அன்னெகிரெட் எடுத்த படத்தில் இறக்கை மறுபடி சிறிதானது;
இருபதாயிரத்தைக் கழிப்பதா என்று
ஒரு மதியம் முழுக்கச் சண்டை.

நவம்பரில், ஈரமான ஒரு வியாழக்கிழமை,
அறிவிப்பு வந்தது.
ஹார்ட்விக் நின்றுகொண்டே வாசித்தார்:
குதிரைத்திறன், வினாடிகள், எங்கள் பாதையில் அது எடுத்த நேரம்.
கடைசி வரிக்கு மட்டும் குரல் தணிந்தது.
விலை, கேட்பவர்களுக்குத் தெரிவிக்கப்படும்.
மொத்தம் முந்நூறு கார்கள்.
முந்நூறும் முடிந்துவிட்டன.

"மூன்று வருஷமாக நாம்
கேட்காமலா இருந்தோம்?" என்றார் லுட்கர்.

டப்பாவைக் கவிழ்த்தோம்.
யாரோ இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்துத்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று
கடைசி யூரோ வரை எழுதியிருந்தார்கள்.
என் சீட்டில் எண்ணே இல்லை:
'நம்மிடம் சொல்ல மாட்டார்கள். மாதம்: ஏதாவது.'
இதுதான் கிட்டத்தில் என்று
முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

ஐம்பத்தைந்து யூரோ.
வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.
லுட்கரின் வேனை நான்காம் பம்புக்கு வரச் சொல்லி
அவ்வளவுக்கும் டீசல் போட்டேன்.
முள் பாதியைத் தாண்டியது.

இது எதுவரை போகும்?
கோப்லென்ஸ் என்றாள் அன்னெகிரெட்.
"இந்தக் கயிற்றோடா? மலை இறங்காது" என்றார் ஹார்ட்விக்.
லுட்கர் காதில் செருகிய பென்சிலை எடுத்தார்.
நான் டப்பாவைத் தேடினேன்.